நீலகிரியில் முளைத்த தென்னைமரங்கள்

குன்னூருக்கு அருகே, ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தொடக்கப்பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஓவியப் போட்டி நடந்தது. நடுவராக வந்து அமரும்படி என்னை அழைத்தார்கள். தமிழ் பயிற்றுவிப்பவனுக்கும் ஓவியத்துக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் ஊரில் கல்லூரி ஆசிரியன் என்றால் பேச்சுப்போட்டி, கோலப்போட்டி, மாறுவேடப்போட்டி என எல்லாவற்றுக்கும் அவனே நடுவர். சால்வை போர்த்துவதற்கு ஒரு தோள் வேண்டும், அவ்வளவுதான். நானும் போனேன்.

தலைப்பு 'எங்கள் ஊர்'. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை நாற்பது பிள்ளைகள் இருக்கலாம். ஒரு மணி நேரம். தாள்களைச் சேர்த்துக் கட்டி என் முன்னால் வைத்தார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். இரண்டு முக்கோண மலைகள். அவற்றின் இடுக்கில் அரைவட்டச் சூரியன், சுற்றிலும் குச்சி குச்சியாகக் கதிர்கள். மலையிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஓலை வேய்ந்த குடிசை. குடிசையை ஒட்டி ஒருபக்கம் சாய்ந்த தென்னைமரம். வானத்தில் விடைத்தாளில் 'சரி' போடுவதுபோல நான்கு பறவைகள். அடுத்த தாளிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. முப்பதுக்கும் மேற்பட்ட தாள்களில் அதே ஊர்.

தலையை நிமிர்த்திச் சன்னல் வழியே பார்த்தால் வேறோர் ஊர் தெரிந்தது. சீவிவிட்டாற்போன்ற தேயிலைச் சரிவு, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள், தகரக் கூரையிட்ட வரிசை வீடுகள், பாதி மலையைத் தின்றுவிட்டு மீதியைத் தின்ன வந்துகொண்டிருந்த பனிமூட்டம். இந்த உயரத்தில் தென்னை வளராது. மலையிறங்கிப் பர்லியாறு, மேட்டுப்பாளையம் பக்கம் போனால்தான் தென்னையைக் காணலாம். மலைகூட இங்கே முக்கோணமாக இல்லை. நீலகிரி மலைகள் பெரும்பாலும் உருண்டு திரண்டவை, கவிழ்த்துவைத்த பானைகளைப் போன்றவை.

நான் பிறந்து வளர்ந்தது தஞ்சைப் பகுதியில். எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் மலை என்று ஒன்று கிடையாது. ஆயினும் நான்காம் வகுப்பில் நானும் இதே இரண்டு முக்கோணங்களை வரைந்திருக்கிறேன். மலையைக் காணாத பிள்ளை மலையை வரைகிறான். தென்னையைக் காணாத பிள்ளை தென்னையை வரைகிறாள். இருவரும் ஒரே படத்தை வரைகிறார்கள். அந்தப் படத்துக்குரிய ஊர் இந்தியாவில் எங்கும் இல்லை; கரும்பலகையில் மட்டும் இருக்கிறது. ஆசிரியர் முதலில் வரைவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். அந்த ஆசிரியரும் தம் ஆசிரியரிடம் அப்படிக் கற்றவர்தாம்.

நிற்க. அந்தக் கட்டில் ஒரு தாள் மட்டும் வேறாக இருந்தது. தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு கரிய விலங்கு. கறுப்புக் கிரேயான் தேய்ந்து தீரும் அளவுக்கு அழுத்தித் தீட்டப்பட்ட உடல். வளைந்த கொம்புகள். விலங்கின் வயிற்றுக்குக் கீழே, ஓரமாக, தீப்பெட்டி அளவில் ஒரு வீடு. நான்கு கால்களும் முழங்காலுக்குக் கீழே வண்ணமே இல்லாமல் வெறும் தாளாக விடப்பட்டிருந்தன. ஆறு இல்லை, சூரியன் இல்லை, மரமும் இல்லை. வண்ணம் முற்றுப்பெறவில்லை, அளவு பொருந்தவில்லை, தலைப்புக்கு ஒட்டவில்லை என்று மூன்று குறைகளைக் கண்டுபிடித்துப் பத்துக்கு நான்கு மதிப்பெண் இட்டேன். முதற்பரிசு, கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டப்பட்ட ஒரு தென்னைமரத்துக்குப் போயிற்று.

இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒரு மாலை. கல்லூரி முடிந்து வீடு திரும்பும் பேருந்து ஒரு வளைவில் நின்றுவிட்டது. சாலையில் காட்டெருமைகள். ஓட்டுநர் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். பெரிய கடா ஒன்று மெல்லச் சாலையைக் கடந்தது. விளக்கொளி அதன் கால்களில் விழுந்தது. கரிய உடல், முழங்காலுக்குக் கீழே நான்கும் வெள்ளை, பள்ளிப் பிள்ளைகளின் காலுறைபோல.

அந்தப் பிள்ளை எதையும் விட்டுவிடவில்லை. கண்டதைக் கண்டபடி வரைந்திருக்கிறாள். தேயிலைத் தோட்டத்து வீடுகளின் வாசலுக்குக் காட்டெருமை வருவது இப்பகுதியில் அன்றாட நிகழ்ச்சி. கதவிடுக்கு வழியே பார்க்கும் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அது வீட்டைவிடப் பெரியதுதான். 'எங்கள் ஊர்' என்ற தலைப்புக்கு அந்தக் கட்டில் இருந்த நேர்மையான விடை அது ஒன்றே. நான் இந்த மலையில் பதினான்கு ஆண்டுகளாக வாழ்கிறேன். சங்கப் பாடல்களில் வரும் 'ஆமா' இந்த விலங்குதான் என்று வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் கால் வெள்ளை என்பது எனக்குத் தெரியாது. பார்த்திருக்கிறேன், நோக்கியதில்லை. செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் 'நோக்கு' என்பதை வைத்தார் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

தொடக்க வகுப்பில் ஓவியம் எதற்கு என்ற கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடைகள் எனக்கு நிறைவளிப்பதில்லை. விரல்களுக்குப் பயிற்சி, அழகுணர்ச்சி, படைப்பாற்றல், மன அமைதி என்பார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். என் விடை வேறு. கணக்கிலும் எழுத்திலும் ஆசிரியருக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. பள்ளி நாளில் பிள்ளைக்குத் தெரிந்து ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று மேசைமீது வந்து அமரக்கூடிய நேரம் ஓவிய நேரம் ஒன்றுதான். தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவளுக்கு, அந்த நாற்பது நிமிடத்தின் மதிப்பு மிகப் பெரிது. அதையும் நாம் கரும்பலகைத் தென்னைமரத்தைக் கொண்டு பறித்துக்கொள்கிறோம் என்பதே என் குறை.

பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய பருவங்களுள் ஒன்று 'சிற்றில் சிதைத்தல்'. மணலில் கட்டிய சிறுவீட்டைக் காலால் அழித்துவிடாதே என்று சிறுமியர் தலைவனிடம் கெஞ்சுவார்கள். அங்கே சிதைப்பவனும் குழந்தை என்பதால் அது இனிக்கிறது. கையில் சிவப்புப் பேனா வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரன் செய்தால் இனிக்காது.

'எழுத்து' என்ற சொல்லையே பாருங்கள். பழந்தமிழில் எழுதுதல் என்றால் வரைதலும்தான். பரிபாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்துக்கு 'எழுத்துநிலை மண்டபம்' என்றே பெயர். அங்கே சுவர் ஓவியங்களைச் சுட்டிக்காட்டி இது யார், அது யார் என்று கேட்பதும், உடன் வந்தவர் இது இந்திரன், இவள் அகலிகை என்று விளக்குவதும் பத்தொன்பதாம் பாடலில் வருகின்றன. ஒரு சுற்றுலாக் காட்சியைப் போலவே இருக்கும். இன்றைக்கும் கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பை என்னும் குறும்பர் ஊரை அடுத்துள்ள தொல்பழங்காலப் பாறை ஓவியங்களுக்கு மக்கள் இட்ட பெயர் 'எழுத்துப்பாறை'. அங்கே படிக்க ஓர் எழுத்தும் இல்லை, உருவங்கள்தாம் உள்ளன. இச்சொல்லுக்குள் இரண்டு பொருளும் ஒன்றாகக் கிடந்தன. பள்ளிக்கூடம்தான் அவற்றைப் பிரித்து ஒன்றைப் பாடமாகவும் மற்றதைப் பொழுதுபோக்காகவும் ஆக்கியது.

இதைச் சட்டத்திலும் காணலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நூறு மாணவருக்குமேல் உள்ள பள்ளிகளில் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்களே, அவர்களும் அந்த வகுப்புகளுக்கே. பிள்ளை யாரும் சொல்லித்தராமலே வரைந்துகொண்டிருக்கும் ஐந்து முதல் பத்து வயது வரை ஓவிய ஆசிரியர் இல்லை. வரைவதை நிறுத்தி, எனக்கு வராது சார் என்று கையைக் கட்டிக்கொள்ளும் வயதில் ஆசிரியர் வருகிறார். (ஐந்தாம் வகுப்புக்குக் கீழே ஓவிய ஆசிரியர் இல்லாததே நல்லது, இருந்திருந்தால் தென்னைமரம் இன்னும் திருத்தமாக இருந்திருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். முழுதாக மறுக்க முடியவில்லை.)

தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே கலைக்குப் பெயர் 'புராஜெக்ட்'. என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது தோடர் குடியிருப்பின் மாதிரி ஒன்று செய்துவரச் சொன்னார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம்; எல்லாப் பள்ளியிலும் இதே கதைதான். அரைப் பீப்பாயைக் கவிழ்த்ததுபோல் வளைந்த கூரையும், தவழ்ந்து நுழையும் சிறு வாசலும் கொண்ட அந்தப் புல்வீட்டைத் தெர்மாகோல், ஐஸ்குச்சி, பெவிக்கால் கொண்டு நான் கட்டினேன். என் மனைவி பச்சை வண்ணம் பூசினாள். மகள் ஒன்பது மணிக்கே உறங்கிவிட்டாள். இரவு பதினொன்றரைக்குப் பணி முடிந்தது. மறுநாள் மகளுக்கு 'நட்சத்திரம்' கிடைத்தது. என் வாழ்வில் கைவேலைக்காகக் கிடைத்த ஒரே விருது அது. பிளாஸ்டிக் பைகளை நாட்டிலேயே முன்னதாகத் தடைசெய்த மாவட்டங்களுள் ஒன்று இது. கல்வியாண்டின் இறுதியில் பள்ளிகளின் பின்புறம் குவியும் தெர்மாகோல் மலைகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அவ்வளவு நேரத்துக்குப் பேசாமல் மகளை அழைத்துக்கொண்டு ஒரு தோடர் மந்துக்குப் போய் வந்திருக்கலாம். ஊட்டியில் அது ஒன்றும் தொலைவில் இல்லை.

இவ்வாறு சொல்பவன் நான் முதல் ஆளில்லை. சாந்திநிகேதனில் பயின்று, 1944 முதல் 1962 வரை காந்தியின் சேவாகிராமத்தில் பிள்ளைகளுக்கு ஓவிய ஆசிரியராக இருந்த தேவி பிரசாத், கலையையே கல்வியின் அடித்தளமாகக் கொண்டு நூல் எழுதினார். ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன விக்டர் லோவன்ஃபெல்ட், பிறர் வரைந்த கோட்டுக்குள் வண்ணம் தீட்டும் புத்தகங்கள் பிள்ளையின் தன்னம்பிக்கையைக் கெடுக்கின்றன என்று 1947இலேயே எச்சரித்தார். இன்றும் நம் மழலையர் பாடப்புத்தகங்களில் பாதி அவைதாம். தமிழிலும் பலர் விரும்பிப் படித்த 'டோட்டோ சான்' நூலை நினைவுகூருங்கள். கொடி வரையச் சொன்னபோது குஞ்சத்துக்குத் தாளில் இடம் போதாமல் மேசைமீதே வரைந்துவிட்ட சிறுமி அவள். ஒரு பள்ளி அவளை வெளியேற்றியது. கொபயாஷியின் டோமோயி பள்ளியிலோ, இசை வகுப்பில் பிள்ளைகள் தரையெல்லாம் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். பிறகு தாங்களே துடைத்தார்கள்.

நம்மிடமும் அப்படியொரு தரை இருந்தது. சரியாகச் சொன்னால் சுவர். 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியைப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகையாக்கி ஆளுக்கோர் இடம் ஒதுக்கினார்கள். பிள்ளைக்குச் சுவரில் சொந்த இடம் கொடுத்த அரசாணையை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. பின்னர் நான் போன ஒரு பள்ளியில் அந்தக் கீழ்ப்பலகை அப்படியே இருந்தது. அதன்மேல் ஆசிரியர் அழகிய கையெழுத்தில் வண்ணப்பூச்சால், அழியாதபடி, வாரநாட்களின் பெயர்களை எழுதியிருந்தார். பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது.

மாறாக ஒன்றையும் கண்டேன். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் ஒரு மலைப்பள்ளி. அங்கிருந்த ஆசிரியை ஓவியம் அறியாதவர். அதை ஒரு வசதியாகவே கொண்டிருந்தார். காலையில், வரும் வழியில் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்பார். பிள்ளைகள் பழைய நாட்குறிப்பேடுகளின் பின்பக்கத்தில் வரைவார்கள். அவர் சுற்றிவந்து, இது என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, பிள்ளை சொல்வதை அதே சொற்களில் படத்துக்குக் கீழே எழுதுவார். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்களின் பேரன் பேத்திகள் வீட்டை 'லயம்' என்றார்கள். லயம் என்றே எழுதினார். படகர் வீட்டுப் பிள்ளை தன் ஊரை 'ஹட்டி' என்றது. ஹட்டி என்றே எழுதினார். மறுநாள் அந்தப் படமே அந்தப் பிள்ளைக்கு வாசிப்புப் பாடம். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொற்களிலேயே வாசிப்புக் கற்றுத்தந்த சில்வியா ஆஷ்டன்-வார்னரின் முறையோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. இந்த அம்மையார் அந்தப் பெயரைக் கேட்டதில்லை என்றார். பள்ளியின் பெயரை எழுத வேண்டாம், எழுதினால் பார்வையிட வருவார்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

அவர் காட்டிய படங்களில் தேயிலைச் செடிகள் மேலிருந்து பார்த்தாற்போல் வட்டம் வட்டமாக இருந்தன. கொழுந்து பறிக்கும் பெண்களோ பக்கவாட்டில் நின்றார்கள். நாம் இதைப் பிழை என்போம். சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைக்குளத்தை நினைத்துப் பாருங்கள். குளம் மேலிருந்து தெரிகிறது. எருமையும் யானையும் பூப்பறிக்கும் மனிதரும் பக்கவாட்டில் தெரிகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

உள்ளூர்க் கலைகளைப் பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்று பேசும் நல்லவர்களிடம் ஒரு வேண்டுகோள். குறும்பர்கள் வேங்கை மரத்தின் பிசினாலும் இலைச்சாற்றாலும் மண்ணாலும் தேனெடுப்பதையும் வழிபாட்டையும் வரைகிறார்கள். தோடப் பெண்கள் வெளிர்துணியில் கறுப்பு, சிவப்பு நூல்களால் பூவேலை செய்கிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவர்களைப் பள்ளிக்கு அழையுங்கள். ஆனால் குறும்பர் ஓவியத்தின் குச்சி மனிதர்களைப் படியெடுத்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னால் அதுவும் இன்னொரு தென்னைமரமே. தோடர் பூவேலையில் துணிமீது முன்கூட்டி வரைந்துகொள்ளும் வழக்கம் இல்லை. இழைகளை எண்ணி எண்ணியே வடிவம் எழுகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியது அந்த எண்ணுதலை. பிசின் எங்கே கிடைக்கும், எந்த மண் ஒட்டும், எது உதிரும் என்று தேடிப் போவதை. முடிந்த உருவத்தை அன்று.

ஆசிரியர்கள் இதைப் படித்தால் கோபம் கொள்வார்கள் என்பதும் தெரியும். 'எண்ணும் எழுத்தும்' பதிவுகள், காலை உணவு, செயலியில் வருகைப்பதிவு, இவற்றுக்கிடையே இது வேறா என்பார்கள். நியாயம். ஆனால் நான் கேட்பது கூடுதல் வேலை அன்று, குறைவான வேலை. முதலில் கரும்பலகையில் வரையாதீர்கள். முடிந்தபின் திருத்தாதீர்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். தொடக்க வகுப்புகளில் ஓவியத்துக்கு முதற்பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழாவால் மேடையே கண்டிராத எத்தனையோ அரசுப்பள்ளிப் பிள்ளைகள் மேடையேறினார்கள். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பதினைந்து வயதுக்குப் போட்டி நல்ல உரம். ஏழு வயதுக்கு, நடுவருக்கு எது பிடிக்கும் என்று ஊகிக்கும் பயிற்சியாகவே அது முடிகிறது. நடுவர் எப்படிப்பட்டவர் என்பதைத்தான் மேலே பார்த்தோமே.

அந்தப் பேருந்துப் பயணத்துக்கு அடுத்த வாரம் நான் அந்தப் பள்ளிக்குப் போனேன். படம் வரைந்த பிள்ளை அங்கே இல்லை. தோட்டத்தில் கூலி போதவில்லை என்று குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். மாற்றுச் சான்றிதழ்கூட இன்னும் வாங்கவில்லை என்றார் தலைமையாசிரியர். அலமாரியில் தாள்கட்டு இருந்தது. தேடி எடுத்துத் தந்தார். பின்பக்கத்தில் சிவப்பு மையில் 4/10, கீழே என் கையொப்பம். முன்பக்கத்தில் எதையும் எழுதாமல் விட்டிருந்தேன் என்பதைக் கண்டு கொஞ்சம் ஆறுதல் அடைந்தேன்.

இந்த ஆண்டும் நடுவராக அழைப்பு வந்தது. வருகிறேன், தாளும் கிரேயானும் கொடுப்போம், தலைப்பும் பரிசும் வேண்டாம், படங்களை எல்லாம் சுவரில் ஒட்டுவோம் என்றேன். பரிசு இல்லையென்றால் பெற்றோர் சனிக்கிழமை பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள் என்கிறார்கள் அமைப்பாளர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பரிசாக ஒரு கிரேயான் பெட்டி என்று இறங்கி வந்திருக்கிறேன். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.